துல்லியக் கடைசல்

துல்லியக் கடைசல் என்பது, கடைசல் இயந்திரத்தில் ஒரு பொருளைச் சுழலவிட்டு, வெட்டுளியால் சீவி, வரைபடம் குறிக்கும் அளவிலிருந்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளோ அதனினும் குறைவாகவோ மட்டும் விலகும் உறுப்புகளை ஆக்கும் தொழில்நுட்பம் ஆகும். கடைசல் இயந்திரம் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் லேத் என்றும், அதனை இயக்குபவர் டர்னர் என்றும், கடையப்படும் பணிப்பொருள் ஜாப் என்றும் வழங்கப்படுகின்றன. மோட்டார் அச்சுகள், இறைப்பிகளின் உறுப்புகள், வால்வுகள், அளவுக் கருவிகள் முதலியன இம்முறையில் செய்யப்படுகின்றன.

மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும். துல்லியக் கடைசலில் பேசப்படும் பிழைகள் இதனினும் சிறியவை. இவ்வளவில், எஃகு விறைப்பான பொருள் என்னும் அன்றாட எண்ணம் பொருந்தாது. எஃகு வெப்பத்தால் நீள்கிறது, பிடியில் நசுங்குகிறது, வெட்டுளியின் விசைக்கு வளைகிறது. நல்ல இயந்திரம் இருந்தும் உறுப்புகள் கழிவாவதற்கு இம்மூன்றையும் கணக்கில் கொள்ளாமையே பெரும்பாலும் காரணமாகிறது.

விலகல் வரம்பு

எந்த உறுப்பையும் மிகச் சரியாக 50 மி.மீ. விட்டத்தில் கடைய இயலாது. ஆகவே வரைபடத்தில் பெரும அளவும் சிறும அளவும் குறிக்கப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையில் எவ்வளவு அமைந்தாலும் உறுப்பு ஏற்கப்படும். பன்னாட்டுச் சீர்தர முறையில் துளைகள் பெரிய எழுத்தாலும் அச்சுகள் சிறிய எழுத்தாலும் குறிக்கப்படும். எடுத்துக்காட்டாக, 50 மி.மீ. விட்டத்தில் எச்7 எனக் குறிக்கப்பட்ட துளை 50.000 முதல் 50.025 மி.மீ. வரை இருக்கலாம். அதனுள் தடையின்றிச் சுழலவேண்டிய ஜி6 வகை அச்சு 49.975 முதல் 49.991 மி.மீ. வரை இருக்கலாம். இவ்வரம்புகளுக்குள் செய்யப்பட்ட எந்த அச்சும் எந்தத் துளையிலும் பொருந்தும். ஒரு ஊரில் கடைந்த அச்சு வேறொரு நாட்டில் குடைந்த துளைக்குள் அரம் படாமல் சேர்வது இதனால்தான்.

வரம்பைத் தேவைக்கு மேல் இறுக்கமாகக் குறிப்பது வரைபடம் வரைவோர் அடிக்கடி செய்யும் தவறாகும். ஒவ்வொரு இறுக்கத்திற்கும் கூடுதலான வெட்டுகளும் அளவீடுகளும் கழிவும் விலையாகின்றன. காற்றில் வெறுமனே நிற்கும் ஒரு முனைக்கு நூறில் ஒரு பங்குத் துல்லியம் கேட்பது வீண் செலவு.

வரலாறு

1775 அளவில் இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன் அமைத்த குடைவு இயந்திரம், ஜேம்ஸ் வாட்டின் நீராவிப் பொறிக்குத் தேவையான உருளைகளைக் குடைந்து தந்தது. ஏறத்தாழ 50 அங்குல விட்டமுள்ள உருளையில் ஒரு பழைய சில்லிங் நாணயத்தின் தடிப்பளவுகூடப் பிழை இல்லை என்பது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தியாக இருந்தது. அதற்கு முன் வாட்டின் வடிவமைப்பு தாளில் சரியாக இருந்தும், நீராவி கசியாத உருளையைச் செய்ய வழியில்லாதிருந்தது.

1800 அளவில் ஹென்றி மாட்ஸ்லே இலண்டனில் திருகுமரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். தம் பட்டறை அளவுகளைச் சரிபார்ப்பதற்கென அவர் செய்த திருகு அளவிக்கு, இறுதித் தீர்ப்பு அதனுடையதே என்னும் பொருளில், ‘லார்டு சான்சலர்’ என்று பெயர் வழங்கியது. அவரிடம் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த் 1840 ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த பிரித்தானிய அறிவியல் சங்கக் கூட்டத்தில், உண்மையான சமதளத்தை ஆக்கும் முறையை விளக்கினார். இம்முறையின் தொடக்கம் மாட்ஸ்லேயின் பட்டறையிலேயே இருந்தது என்பர்.

அம்முறை எளிமையானது, ஆனால் சற்று நின்று சிந்திக்க வேண்டியது. சமதளமான வேறொன்று கையில் இல்லாதபோது முதல் சமதளத்தை எதனுடன் ஒப்பிட்டுச் செய்வது? இரு தட்டுகளை நீலச்சாயம் பூசி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சாயம் ஒட்டிய மேடுகளைச் சுரண்டிக்கொண்டே வந்தால் இரண்டும் முழுதும் பொருந்தும் நிலை வரும். ஆயினும் ஒன்று சற்றே குவிந்தும் மற்றொன்று அதே அளவு குழிந்தும் இருந்தாலும் அவை பொருந்தவே செய்யும். ஆகவே மூன்றாவது தட்டு தேவைப்படுகிறது. முதல் தட்டு குவிந்திருந்தால் அதனோடு பொருந்தும் மற்ற இரண்டும் குழிந்திருக்கும். குழிந்த இரண்டும் தம்முள் பொருந்தா. மூன்று தட்டுகளும், திருப்பி வைத்துப் பார்த்தாலும், ஒன்றோடொன்று எல்லா இணைகளிலும் பொருந்துமாயின் மூன்றும் சமதளமாக இருந்தாகவேண்டும். இவ்வாறு எந்த மூல அளவும் இல்லாமலேயே சமதளம் பிறக்கிறது. கடைசல் இயந்திரங்களின் நேரான படுகைகள் இத்தகைய தட்டுகளை ஒப்புநோக்கியே நெடுங்காலம் சுரண்டிச் சரிசெய்யப்பட்டன.

கையடக்கமான திருகு அளவிக்குப் பிரான்சில் ழான் லோரான் பால்மர் 1848 இல் காப்புரிமை பெற்றார். 1896 இல் சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய கார்ல் எட்வர்டு யோஹான்சன் அளவுக் கட்டைத் தொகுதியைச் சிந்தித்தார். 102 கட்டைகள் கொண்ட அவருடைய தொகுதியால் ஏறத்தாழ 20,000 வேறு வேறு அளவுகளை அமைக்க முடிந்தது.

வெப்பநிலை

எல்லா நீள அளவுகளும் 20 பாகை செல்சியசு வெப்பநிலைக்கே உரியவை என்பது 1931 ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட விதியாகும். பன்னாட்டுச் சீர்தர நிறுவனத்தின் முதலாம் எண்ணுள்ள சீர்தரமே இதைப் பற்றியதுதான். வரைபடத்தில் வெப்பநிலை குறிக்கப்படாவிட்டாலும் 20 பாகை எனவே கொள்ளவேண்டும்.

100 மி.மீ. நீளமுள்ள எஃகுத் துண்டு, வெப்பம் 10 பாகை கூடினால் ஏறத்தாழ 0.0115 மி.மீ. நீளும். அதே நீள அலுமினியம் ஏறத்தாழ 0.023 மி.மீ. நீளும், பித்தளை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 35 பாகை நிலவும் ஒரு பட்டறையில் எஃகுப் பொருளை எஃகாலான அளவியால் அளந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் நீண்டிருக்குமாதலால் பிழை பெரிதும் கழிந்துவிடும். கோடைக்காலத்துத் தமிழ்நாட்டில் குளிரூட்டப்படாத பட்டறைகளிலும் நல்ல எஃகு வேலை நடைபெற இதுவே இடந்தருகிறது. ஆனால் அங்கேயே 100 மி.மீ. அலுமினியப் பொருளை அளந்தால் ஏறத்தாழ 0.017 மி.மீ. பிழை நேரும். குளிரூட்டிய ஆய்வு அறையில் அப்பொருள் சிறிதாகக் காணப்படுவதும், கடைந்தவரும் ஆய்ந்தவரும் ஒருவரையொருவர் குறை கூறுவதும் இதனால் நிகழ்கின்றன. இருவருடைய அளவும் அவரவர் இடத்தில் சரியானதே.

இதனினும் பெரிய தீங்கு வெட்டும் வெப்பத்தால் வருவது. மேலே கண்ட ஜி6 அச்சை விரைவாகக் கடைந்து, சூடு ஆறுமுன் அளந்து, வரம்பின் நடுவில் 49.985 மி.மீ. இருப்பதாகக் கண்டு ஒருவர் மனநிறைவு அடையலாம். அப்போது பொருள் அளவியைவிட 40 பாகை சூடாக இருந்திருந்தால், ஆறியபின் அது 0.023 மி.மீ. சுருங்கி 49.962 மி.மீ. ஆகிவிடும். அது சிறும அளவிற்குக் கீழ். வெட்டிய உலோகத்தை மீண்டும் ஒட்டவும் இயலாது. எனவே, முதற்கட்ட வெட்டுகளை முடித்தபின் பொருளை ஆறவிட்டு, பின்னரே இறுதி வெட்டுகளைத் தொடங்குவது வழக்கம். தேர்ந்த கடைசலர்கள் அளக்குமுன் புறங்கையால் பொருளைத் தொட்டுப் பார்ப்பர். குளிர்விப்பு நீர்மத்தைத் தாராளமாகப் பாய்ச்சுவதும், அளவியையும் பொருளையும் ஒரே தளத்தட்டின்மேல் சற்றுநேரம் வைத்திருப்பதும் பிற வழிகள். இயந்திரத்தின் கதிரும் தலைப்பகுதியும்கூட ஓட ஓடச் சூடேறி இடம் பெயரும். காலையில் இயந்திரத்தைச் சிறிதுநேரம் வெறுமனே ஓடவிட்டுத் தொடங்குவது இதன் பொருட்டே.

பிடித்தல்

மூன்று தாடைச் சக்கு விரைவாகப் பிடிக்க ஏற்றது. எனினும் அதில் பிடித்த பொருளின் மையம் கதிரின் மையத்திலிருந்து நூறில் சில பங்குகள் விலகி நிற்பது இயல்பு. ஆதலால், ஒன்றுக்கொன்று மையம் பொருந்தவேண்டிய பரப்புகள் அனைத்தையும் பொருளைக் கழற்றாமல் ஒரே பிடியில் கடைவது முதல் விதியாகும். கழற்றி மாட்டவேண்டியிருந்தால் நான்கு தாடைச் சக்கில் டயல் காட்டியை வைத்து ஒவ்வொரு தாடையாகச் சரிசெய்யலாம். அல்லது பொருளை இரு மையமுனைகளுக்கிடையே மாட்டலாம். மையமுனைகளுக்கிடையே கடைந்த அச்சை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும், மையத்துளைகள் கெடாதவரை, அது அதே மையத்தில் சுழலும்.

மெல்லிய வளையங்கள் தனிக் கவனத்துக்குரியவை. மூன்று தாடைகளின் அழுத்தத்தால் வளையம் சற்றே முக்கோணப் போக்கில் நசுங்குகிறது. அந்நிலையில் உட்புறத்தைக் குடைந்தால் துளை உண்மையான வட்டமாக அமையும். பிடியைத் தளர்த்தியவுடன் வளையம் தன் பழைய வடிவுக்கு மீள, துளை மூன்று புடைப்புகள் கொண்டதாகிவிடும். இதில் மறைந்துள்ள சூழ்ச்சி யாதெனில், மூன்று புடைப்புள்ள வடிவத்தை எதிரெதிர்ப் புள்ளிகளில் அளந்தால் எத்திசையிலும் விட்டம் ஏறத்தாழ ஒன்றாகவே காட்டும். புடைப்பு உள்ள இடத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருப்பதே காரணம். இரு புள்ளிகளில் தொடும் அளவி இப்பிழையைக் கண்டுகொள்ளாது. மூன்று புள்ளிகளில் தொடும் உள்விட்ட அளவியாலோ, வளையத்தைச் சுழற்றி டயல் காட்டியால் பார்த்தாலோ புலப்படும். வளையத்தைச் சுற்றிலும் தழுவும்படி குடைந்த மென்தாடைகளைப் பயன்படுத்துவதும், இறுதி வெட்டுக்குமுன் பிடியைச் சற்றுத் தளர்த்துவதும் இதற்கு மாற்று.

வெட்டுளி

வெட்டுளியின் முனை கதிர் மையத்தின் உயரத்தில் நிற்கவேண்டும். பொருளின் முகப்பைச் சீவும்போது நடுவில் சிறு குமிழ் எஞ்சினால் உயரம் தவறியுள்ளது என்று அறியலாம். வெட்டுளி தன் தாங்கியிலிருந்து எவ்வளவு குறைவாக நீட்டப்படுகிறதோ அவ்வளவு நல்லது. நீட்டம் இருமடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். ஆழ்துளை குடையும் நீண்ட தண்டுகள் ஓலமிடுவதும், பரப்பில் அலை அலையான தடம் விழுவதும் பெரும்பாலும் இதனால்தான். அவ்வோசை கேட்டால், நீட்டத்தைக் குறைத்தல், சுழற்சியைக் குறைத்தல், ஊட்டத்தைச் சற்றுக் கூட்டுதல், முனை உருட்சி சிறிய வெட்டுளியை மாற்றுதல் ஆகியவற்றை இவ்வரிசையில் முயன்று பார்க்கலாம்.

சுழற்சி வேகத்தைக் கணக்கிட, ஒரு நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் எனக் கொடுக்கப்பட்ட வெட்டுவேகத்தை 1000 ஆல் பெருக்கி, விட்டத்தின் 3.14 மடங்கால் வகுக்கவேண்டும். உயர்வேக எஃகு வெட்டுளியால் மென்எஃகைக் கடைய நிமிடத்துக்கு 30 மீட்டர் எனக் கொண்டால், 40 மி.மீ. விட்டத்துக்குச் சுழற்சி ஏறத்தாழ 240 ஆகும். கார்பைடு முனைகள் இதனினும் பன்மடங்கு வேகத்தைத் தாங்கும். மெதுவாக ஓட்டினால் அவற்றின் முனையில் உலோகம் ஒட்டிக்கொண்டு பரப்பு கரடாகும். வேகத்துக்கும் வெட்டுளியின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் வின்சுலோ டெய்லர் நெடுநாள் ஆய்வுகளுக்குப்பின் 1907 இல் வெளியிட்டார். அதன் சாரம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இறுதி வெட்டு

புதியவர்கள் முதலில் கெடுக்கும் பொருள் பெரும்பாலும் அளவுவளையத்தைத் தவறாகப் படித்ததால் கெட்டதாக இருக்கும். குறுக்கு நகர்வியின் கைப்பிடி வளையம் சில இயந்திரங்களில் வெட்டுளி நகர்ந்த தொலைவைக் காட்டும். வேறு சிலவற்றில் விட்டத்தில் குறையும் அளவைக் காட்டும். முதல் வகையில் 0.1 மி.மீ. நகர்த்தினால் விட்டம் 0.2 மி.மீ. குறையும். புதிய இயந்திரத்தின்முன் நிற்கும்போது ஒரு சோதனை வெட்டால் இதனை உறுதி செய்துகொள்ளவேண்டும்.

திருகுக்கும் அதன் மரைக்கும் இடையே எப்போதும் சிறு தளர்வு உண்டு. கைப்பிடியைத் திசை மாற்றும்போது, அத்தளர்வு தீரும்வரை வளையம் சுழலுமேயன்றி வெட்டுளி நகராது. வேண்டிய கோட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய அளவை மட்டும் திருப்புவது பயன்தராது. அரைச்சுற்றுப் பின்வாங்கி, மீண்டும் முன்னோக்கி வந்து கோட்டில் நிறுத்தவேண்டும்.

இறுதி இரண்டு அல்லது மூன்று வெட்டுகளை ஒரே ஆழத்தில் எடுப்பது மிகவும் பயனுள்ள பழக்கம். வெட்டும் விசை பொருளையும் வெட்டுளியையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. ஆழம் மாறினால் தள்ளும் அளவும் மாறும். ஆழமான வெட்டுக்குப்பின் கண்டறிந்த பிழையை மெல்லிய வெட்டுக்குப் பொருத்திப் பார்க்க இயலாது. 0.6 மி.மீ. எஞ்சியிருந்தால் 0.2 வீதம் மூன்று முறை வெட்டி, ஒவ்வொன்றின்பின்னும் அளந்தால், கேட்ட அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். மூன்றாம் வெட்டில் அதனைச் சரிக்கட்டலாம். ‘இன்னும் நூறில் ஒன்றுதான்’ என்று மிக மெல்லிய வெட்டை இறுதிக்கு ஒதுக்குவதும் தவறே. வெட்டுளியின் விளிம்பு எவ்வளவு கூராயினும் சிறு உருட்சி உடையது. அதனினும் மெல்லிய சீவலை அது வெட்டாது, தேய்த்து நழுவும்; அடுத்தமுறை திடீரென இருமடங்காக வெட்டும்.

மேல் நகர்வியை இயந்திர அச்சுக்கு 5 பாகை 44 கலை சாய்த்து வைத்தால், அதனை 0.1 மி.மீ. நகர்த்தும்போது வெட்டுளி பொருளுள் 0.01 மி.மீ. மட்டுமே நுழையும். இக்கோணத்தின் சைன் மதிப்பு 0.1 என்பதே இதன் மருமம். பழைய இயந்திரத்திலும் நுண்ணிய நகர்வைப் பெற இது செலவில்லாத வழி.

மையமுனைகளுக்கிடையே கடைந்த நீண்ட அச்சு ஒரு முனையில் பருத்திருந்தால் வால்பகுதி விலகியிருக்கலாம். வால்பகுதிப் பக்கத்து விட்டம் கூடுதலாக இருப்பின், விட்ட வேறுபாட்டின் பாதியளவு வால்பகுதியை வெட்டுளியின் பக்கம் நகர்த்தி மீண்டும் சோதனை வெட்டு எடுக்கவேண்டும். அச்சு நடுவில் பருத்திருப்பது வேறு நோய். அது வளைவால் நேர்வது, தாங்குசட்டம் வைத்தே தீர்க்கவேண்டும்.

அளவிடுதல்

பட்டறைகளில் மைக்ரோமீட்டர் எனப்படும் திருகு அளவியின் புரி இடைத்தூரம் வழக்கமாக 0.5 மி.மீ. அதன் தலைக்கோல் 50 பிரிவுகள் உடையதாதலால் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. ஆகும். அளக்கப்படும் நீளமும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் அமையவேண்டும் என்று 1890 இல் எர்ன்ஸ்டு அபே கூறிய கொள்கையைத் திருகு அளவி நிறைவு செய்கிறது. வெர்னியர் அளவியில் அளவுகோல் பக்கவாட்டில் இருப்பதால், அழுத்தினால் தாடை சாய்ந்து பிழை தருகிறது. எண்ணிமத் திரையில் 0.01 எனக் காட்டுவதாலேயே வெர்னியர் அளவி அத்துணைத் துல்லியமானதாகிவிடாது.

அளக்குமுன் பொருளின் பிசிறை நீக்கி, இரு தொடுபரப்புகளையும் துடைத்து, சுழிப்பிழையைப் பார்க்கவேண்டும். சுழி சரியாக இருப்பது மட்டும் போதாது. வேண்டிய அளவுக்கு அருகிலும் அளவுக் கட்டையால் சரிபார்ப்பது நன்று. 38.125 மி.மீ. வேண்டின் 1.005, 1.12, 6, 30 ஆகிய நான்கு கட்டைகளைத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று அழுத்தித் திருகினால் அவை தாமே ஒட்டிக்கொள்ளும். இந்தியாவில் நீளத்தின் தேசியத் தர அளவுகள் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பேணப்படுகின்றன. பட்டறையின் கட்டைகள் படிப்படியான ஒப்பீடுகளால் இத்தகைய தர அளவுகளுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன.

அளவுக் கருவியே தவறினால் நேரும் இழப்புக்குக் கடைசலுக்கு வெளியே, ஆனால் அதே இயல்புடைய, ஒரு நிகழ்வு உண்டு. 1990 இல் விண்ணில் செலுத்தப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி மிக நேர்த்தியாக மெருகிடப்பட்டிருந்தது. ஆனால் தவறான வடிவத்துக்கு. அதனைச் சோதித்த கருவியின் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் தவறி அமைக்கப்பட்டிருந்தது. அதனால் ஆடியின் விளிம்பு ஏறத்தாழ 0.0022 மி.மீ. கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. எளிய வேறு சோதனைகள் பிழையைக் காட்டியிருந்தும், அவை துல்லியம் குறைந்தவை எனக் கருதி ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் ஒளியியற் கருவிகளைப் பொருத்தவேண்டியதாயிற்று. முதன்மையான உறுப்பை, முற்றிலும் வேறான இரண்டாவது முறையாலும் அளக்கவேண்டும் என்று பட்டறைகளில் சொல்லப்படுவதற்கு இதனினும் விலையுயர்ந்த சான்று கிடைப்பது அரிது.

எண்கட்டுப்பாட்டு இயந்திரங்கள்

1952 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்கட்டுப்பாட்டு இயந்திரம் ஒன்று செய்து காட்டப்பட்டது. இன்று தொகுதி உற்பத்தியின் பெரும்பகுதி, சி.என்.சி. எனப்படும் கணினிவழி எண்கட்டுப்பாட்டு இயந்திரங்களில் நடைபெறுகிறது. இவற்றில் குண்டுத் திருகுகள் தளர்வை மிகவும் குறைக்கின்றன. ஆயினும் வெப்பம், பிடி, வளைவு ஆகியவை இவற்றிலும் முன்போலவே தொழிற்படும். முனை தேயத் தேய அளவு மெல்ல மாறுவதை இயக்குபவர் அளந்து ஈடுசெய்கிறார்.

பாதுகாப்பு

சுழலும் பொருளை அளக்கவோ தொடவோ கூடாது. சக்குச் சாவியை அதிலேயே விட்டு இயந்திரத்தை முடுக்கினால் அது எறியப்பட்டு உயிருக்கே கேடு விளைவிக்கலாம். சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்காமலிருப்பது பயிற்சியின் முதல் நாளிலேயே பழக்கப்படுகிறது. கையுறை, தொங்கும் சட்டைக்கை, துண்டு, மோதிரம், கட்டப்படாத கூந்தல் ஆகியவை சுழலும் பொருளில் சிக்கி ஆளையே இழுத்துவிடும். நீண்ட சுருள் சீவல்கள் கத்திபோல் வெட்டுமாதலால் கொக்கியால் மட்டுமே நீக்கவேண்டும். கண்ணாடி அணிவது கட்டாயம். உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு மெருகிடுவது விரலை இழக்கச் செய்யும். தாளின் இரு முனைகளையும் தனித்தனியே பிடித்தோ, தட்டையான அரத்தின்மேல் வைத்தோ மெருகிடவேண்டும். மெருகிடும்போது உதிரும் பொடி படுகையைத் தேய்க்குமாதலால் முன்னதாகவே படுகையைத் தாளால் மூடிவைப்பர்.